'பாரம் எதுல இறங்குது?' - அடுக்கு கேக் சரியாம நிக்க, மேஸ்திரி அப்பா சொன்ன கணக்கு!

போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணி. செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் போகும் ஜி.எஸ்.டி சாலை. வாடகை காரின் பின் சீட்டில் நானும் அக்காவும். நடுவில், நாங்கள் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டிருந்த மூன்று அடுக்கு ரிசப்ஷன் கேக்.

குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட அக்கா, வீட்டிலேயே கேக் செய்து விற்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அரைக் கிலோ, ஒரு கிலோ பிறந்தநாள் கேக்குகள்தான் அதுவரை. கல்யாண ஆர்டர் அதுதான் முதல் முறை.

ஒரு வேகத்தடை. டிரைவர் மெதுவாகத்தான் ஏற்றினார். ஆனாலும் நடு அடுக்கு, கீழ் அடுக்குக்குள் ஒரு பக்கமாக இறங்கியது. மேல் அடுக்கு அக்காவின் மடியில் சரிந்தது. மண்டபத்துக்கு அக்கா போன் செய்த அந்த இரண்டு நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். வாங்கிய அட்வான்ஸை அன்றைக்கே திருப்பி அனுப்பினாள். 'இனி அடுக்கு கேக்கே வேணாம்டி' என்றாள்.

இங்கேதான் எங்க அப்பா வருகிறார். அப்பா கட்டட மேஸ்திரி. 30 வருடமாக வீடு கட்டுகிறவர். 'கேக் செய்யறதெல்லாம் ஒரு தொழிலா?' என்று அக்காவிடம் அதுவரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தவர். அன்றிரவு, பெட்டியில் குழைந்து கிடந்த கேக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

'மேல இருக்குற பாரம் எதுல இறங்குது?'

அக்காவிடம் பதில் இல்லை. 'கேக் மேலதான்பா...' என்றாள். 'அப்ப விழத்தானே செய்யும்? மண்ணு மேலயா மாடி கட்டுவாங்க? தூண் எங்கம்மா?'

அக்கா செய்த தவறு அந்த ஒரு கேள்வியில் இருந்தது. வீட்டில் கேக் செய்யும் பலரும் செய்கிற தவறும் அதுதான்.

கேக் எதையும் சுமக்காது!

வெளிநாட்டுக் கல்யாணப் படங்களில் ஆளுயர கேக்குகளைப் பார்த்திருப்பீர்கள். 1947-ல் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்குச் செய்த கேக்கில் 4 அடுக்குகள், உயரம் 9 அடி, எடை சுமார் 227 கிலோ! ஆனால் அது உலர்பழங்கள் நிறைந்த, கல் மாதிரி கனமான ஃப்ரூட் கேக். மேலே பூசுவது காய்ந்தால் ஓடுபோல இறுகிவிடும் சர்க்கரைப் பூச்சு. நாம் செய்வதோ பஞ்சு போன்ற ஸ்பாஞ்சும் விப்பிங் க்ரீமும். அது இன்னொரு அடுக்கைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பதே தப்பு.

சரியான அடுக்கு கேக்கில், மேல் அடுக்கு கீழ் கேக்கின் மீது உட்காருவதே இல்லை. அது ஓர் அட்டையின் மேல் இருக்கும். அந்த அட்டை, கீழ் கேக்குக்குள் நிற்கும் குச்சிகளின் மேல் இருக்கும். குச்சிகள், கீழே உள்ள அட்டையில் ஊன்றி நிற்கும். அட்டைதான் தளம், குச்சிதான் தூண், கேக் நடுவில் சும்மா நிற்கிற அலங்காரச் சுவர். அப்பா பாஷையில், சுவரை இடித்தாலும் மாடி நிற்கணும்.

தூண் நடுவது எப்படி?

10, 8, 6 இன்ச் என மூன்று அடுக்கு என்று வைத்துக்கொள்வோம்.

1. ஒவ்வொரு அடுக்கையும் அதே அளவுள்ள கெட்டியான கேக் போர்டின் மேல் தனித்தனியாகச் செய்து, க்ரீம் பூசி, ஃப்ரிட்ஜில் சில மணி நேரம் நன்றாக இறுக விடுங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் வரும் பலகை மட்டும் தடிமனாக, தூக்கினால் வளையாததாக இருக்க வேண்டும்.

2. கேக் பொருள்கள் விற்கும் கடையில் 'டவல் ராட்' என்று கேளுங்கள் (துடைக்கிற டவல் இல்லை!). உணவுக்கு ஏற்ற மரம் அல்லது மூங்கில் குச்சிகள். பழைய வீடியோக்களில் தடிமனான பிளாஸ்டிக் ஸ்ட்ரா பயன்படுத்துவார்கள். தமிழ்நாட்டில் 2019-லிருந்தே பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை. பேப்பர் ஸ்ட்ரா ஈரத்தில் ஊறித் தளர்ந்துவிடும். மெல்லிய டூத்பிக் வேண்டவே வேண்டாம். ஒடிந்து கேக்குக்குள் கிடந்தால், குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

3. கீழ் கேக்கின் நடுவில் 8 இன்ச் அட்டையை லேசாக வைத்து எடுங்கள். பதியும் வட்டத்துக்குள், ஓரத்திலிருந்து ஓர் இன்ச் உள்ளே தள்ளி 6 இடங்களைச் சம இடைவெளியில் குறியுங்கள். நடு அடுக்கில், 6 இன்ச் கேக்கைத் தாங்க 4 இடங்கள் போதும்.

4. கேக்கின் உயரமான இடத்தில் ஒரு குச்சியை அடி அட்டை தட்டும்வரை நேராக இறக்கி, க்ரீம் மட்டத்தில் குறியிட்டு வெளியே எடுங்கள். அந்த அடுக்குக்கான எல்லாக் குச்சிகளையும் அதே நீளத்துக்கு வெட்டுங்கள். ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக அளந்து வெட்டினால், கேக்கின் மேடு பள்ளம் அப்படியே மேல் அடுக்குக்கும் போய்விடும். ஒரு குச்சி குட்டையானாலும் பாரம் மற்றவற்றின் மேல் சாயும்.

5. குச்சிகளை நட்ட பிறகு கொஞ்சம் க்ரீம் தடவி அடுத்த அடுக்கை வையுங்கள். மட்டம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அப்பா தன் ரசமட்டத்தை அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். கழுவித் துடைத்து, பட்டர் பேப்பர் சுற்றித்தான் பயன்படுத்துகிறாள்!

6. இந்தக் குச்சிகள் பாரத்தைத்தான் தாங்கும். பக்கவாட்டில் வழுக்குவதைத் தடுக்காது. எங்களுக்கு வேகத்தடையில் நடந்ததில் பாதி அதுதான். அதற்கு, மேலிருந்து அடிப்பலகைவரை எல்லா அடுக்குகளையும் துளைத்து இறங்கும் ஒரு நீளக் குச்சி நடுவில் வேண்டும். முனையைச் சீவிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்டையின் நடுவிலும் முன்கூட்டியே துளை போட்டு வைத்தால், சுத்தியலால் கேக்கைத் தட்டிக் கலைக்க வேண்டாம்.

ஆக 6 + 4 + 1 = 11 குச்சிகள். இந்த எண்ணை மறக்காதீர்கள், கடைசியில் தேவைப்படும். ஓர் அடுக்கே 6 இன்ச்சுக்கு மேல் உயரமாக இருந்தால், அதன் பாதி உயரத்திலும் ஓர் அட்டையும் குச்சிகளும் கொடுங்கள்.

வெயில் என்ற எதிரி

தூண் சரியாக இருந்தாலும் பூச்சு உருகினால் கேக் வழியும். வெண்ணெய் 32-35 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊர் மே மாதத்தில் அது நிழலிலேயே இருக்கும் வெப்பம். கோடைக்கால அடுக்கு கேக்குக்கு சாக்லேட் கனாஷ் நல்ல தேர்வு. ஒரு பங்கு க்ரீமுக்கு இரண்டு பங்கு டார்க் சாக்லேட் சேர்த்தால் இறுகி நிற்கும். வொயிட் சாக்லேட் என்றால் மூன்று பங்கு. ஃபாண்டன்ட் போர்த்திய கேக்கை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறந்துவைத்தால், ஈரக்காற்று பட்டு வியர்த்துப் பிசுபிசுக்கும். பெட்டியை மூடியபடியே வெளியே வைத்து, குளிர் தணிந்த பிறகு திறங்கள்.

மண்டபம் போய்ச் சேரும்வரை...

கார் சீட் பின்பக்கமாகச் சரிந்திருக்கும். மடியும் சமதளம் கிடையாது. டிக்கியின் சமமான தரையில், வழுக்காத மேட் விரித்து வையுங்கள். ஏசியைக் கிளம்பும் முன்பே போட்டு வண்டியைக் குளிர வையுங்கள். ஆனால் டிக்கிக்குக் குளிர் போய்ச் சேருமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூரப் பயணம் என்றால் அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டிகளில் கொண்டுபோய் மண்டபத்திலேயே அடுக்குவதுதான் நிம்மதி. ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். மேசை ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். மேடையின் ஃபோகஸ் லைட்டுக்கு நேர் எதிரே வைக்கச் சொன்னால், தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

பட்ஜெட் குறைவு, உயரம் மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு, கீழ் அடுக்கை தெர்மாகோலில் செய்து மேலே க்ரீம் பூசித் தரலாம். அது தெர்மாகோல் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வெட்டும்போது தெரிந்தால் சண்டைதான்.

முக்கியமான ஒன்று. கேக்கைக் கொடுத்துவிட்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள். உள்ளே 11 குச்சிகள் இருக்கின்றன என்று சீட்டில் எழுதி, பரிமாறுகிறவர் கையில் கொடுங்கள். முதலில் நடுக்குச்சியை உருவி, பிறகு மேலிருந்து ஒவ்வோர் அடுக்காக இறக்கி, குச்சிகளை எடுத்து எண்ணிய பிறகே துண்டு போட வேண்டும்.

அக்கா எட்டு மாதம் கழித்து, தை மாதத்தில்தான் மறுபடி ஒரு மூன்றடுக்கு ஆர்டர் எடுத்தாள். அதற்கு முன் வீட்டிலேயே இரண்டு அடுக்கு வைத்து, அதைக் காரில் ஏற்றி அதே வேகத்தடையில் நான்கு முறை போய் வந்தோம். தெருவில் எல்லோருக்கும் அந்த மாதம் ஓசி கேக்.

ரிசப்ஷன் அன்று, கூப்பிடாமலே அப்பாவும் வண்டியில் ஏறிக்கொண்டார். மாப்பிள்ளையும் பொண்ணும் கேக் வெட்டிப் படம் எடுத்து முடிக்கும்வரை ஓரமாக நின்றார். பிறகு பந்திக்குக்கூடப் போகாமல் கேக் மேசைக்கு வந்து, எடுத்துவைத்த குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

'பதினொண்ணும் இருக்கும்மா. வா, சாப்பிடப் போலாம்.'