பயிற்சி வாளுக்கு ஒரு தரம் வேண்டும்

கூட்டேரிப்பட்டு வாரச்சந்தைக்கு அரிவாள் வாங்க வரும் விவசாயியை ஏமாற்றுவது எளிதன்று. தட்டி ஓசை கேட்பார். பிடியை அசைத்துப் பார்ப்பார். தலைமுறைப் பழக்கம் தந்த அறிவு அது. அதே வட்டாரத்தில் சிலம்பம் பயின்று, கம்பிலிருந்து வாளுக்கு முன்னேறும் மாணவனுக்கு அந்த அறிவு இல்லை. வாங்கும் வாள் பயிற்சிக்கு உகந்ததா என்று சொல்வாரும் இல்லை.

சிலம்பம் இன்று பொழுதுபோக்கு மட்டுமன்று. 2021-இல் அரசுப் பணிக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் அது சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கலை வளர்கிறது, கருவிக்கான சந்தை வளரவில்லை.

மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அலங்கார வாள்கள். அரசியல் மேடைகளில் தலைவர்களுக்கு வழங்கப்படும் வீரவாளும் இந்த இனமே. சுவரில் மாட்டுவதற்கு அது போதும். வேகமாகச் சுழற்றுவதற்குப் போதாது. கைப்பிடிக்குள் செல்லும் பகுதி மெலிந்தோ, பற்றவைக்கப்பட்டோ இருந்தால், வீச்சின் விசையில் முறிந்து அலகு பறக்கும். எதிரில் நிற்பது இன்னொரு குழந்தையாக இருக்கலாம். ஆபத்தான அந்தப் பகுதி வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. தரத்தை வாங்குபவரால் அறிய முடியாத சந்தையில் மட்டமான பொருள் நல்ல பொருளை விரட்டிவிடும் என்று 1970-இல் விளக்கினார் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப். அவர் எடுத்துக்காட்டியது பழைய கார்ச் சந்தையை. வாளுக்கும் அது பொருந்தும்.

நல்ல வாள் செய்யத் திறமை இல்லையா? பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவளூரில், களிமண் குவளைகளில் எஃகு உருக்கிய தடயங்களை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். தென்னிந்திய எஃகின் நுட்பத்தை அறிய மைக்கேல் ஃபாரடே 1819-இலேயே முயன்றார். இன்றும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, உடையாத அரிவாள் செய்யும் கொல்லர்கள் நம்மிடையே உள்ளனர்.

தடுப்பது அச்சம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடியை ஆயுதமாகக் கருதுவதில்லை. ஆனால், 2016-ஆம் ஆண்டின் விதிகளில் வாளும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுடைய பிற ஆயுதங்களும் ஆயுதப் பட்டியலில் உள்ளன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழில்துறைக்கும் உரியவற்றுக்கு விலக்கு உண்டு, விளையாட்டுக்கு இல்லை. அரிவாள் செய்பவர் நிம்மதியாக இருக்கலாம்; கூர்மையற்ற பயிற்சி வாள் செய்பவர் அஞ்ச வேண்டும்.

ஜப்பான் இதை வேறுவிதமாகத் தீர்த்தது. அங்கே 1958-ஆம் ஆண்டின் சட்டப்படி, உரிமம் பெற்ற கொல்லர் மட்டுமே மரபு வாள் செய்யலாம். அதுவும் மாதத்துக்கு இரண்டு நீள வாள்கள்தாம். ஆகவே விலை மிக அதிகம். பயிற்சியாளருக்கோ 'இயாய்தோ' என்னும் மாற்று உண்டு. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தால் ஆன அது கூர் ஏற்காது. எடையும் சமநிலையும் வாளைப் போன்றே இருக்கும். கலைப்பொருள் வேறு, பயிற்சிக் கருவி வேறு என்று பிரித்ததால் இரண்டும் பிழைத்தன.

நாமும் பிரிக்கலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும், இந்தியத் தர நிர்ணய அமைவனமும், காவல்துறையும் இணைந்து பயிற்சி வாளை வரையறுக்க வேண்டும். மழுங்கிய விளிம்பு, உருண்ட முனை, பிடியின் கடைசிவரை செல்லும் ஒரே துண்டு அலகு, வளைவுச் சோதனை, அலகில் பொறித்த எண் ஆகியவை போதும். அதற்கேற்ற விலக்கை மத்திய அரசு விதிகளில் சேர்க்க வேண்டும்.

மழுங்கிய எஃகையும் தீட்டலாமே என்று கேட்கலாம். உண்மைதான். அதற்காகத்தான் எண்ணும் பதிவேடும். அரிவாள், கத்தி வாங்குவோரின் பெயர், முகவரியைப் பட்டறைகள் குறித்துவைக்க வேண்டும் என்று 2021-இல் காவல்துறை அறிவுறுத்தியது. அந்தப் பதிவேட்டிலேயே பயிற்சி வாளையும் சேர்த்து, பதிவுபெற்ற பயிற்சி மையங்களுக்கு மட்டும் விற்கச் செய்யலாம்.

வாள் வீசக் கற்பதை ஊக்குவித்துவிட்டு, வாளைப் பற்றிப் பேசாதிருப்பது கொள்கை ஆகாது. அந்த மௌனத்தின் விலையைக் கொல்லர் வருமானத்திலும், ஏழை மாணவன் தன் உடலிலும் செலுத்த நேரக் கூடாது.