ஊர் பார்க்கலாம், வாருங்கள்: குகைக்குள் குடித்தனம்

இத்தாலிக்குப் போகிறவர்கள் ரோமாபுரியைப் பார்ப்பார்கள். வெனிஸில் படகு ஏறுவார்கள். பீஸாவில் சாய்ந்த கோபுரத்தின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். இந்த வாரம் உங்களை அந்தப் பக்கம் அழைத்துப் போவதாக இல்லை. தேசப்படத்தில் இத்தாலி ஒரு பூட்ஸைப் போல இருக்கிறதல்லவா? அதன் உள்ளங்கால் வளைவுக்குச் சற்று மேலே மத்தேரா என்று ஓர் ஊர். அங்கேதான் போகிறோம்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ரோமிலிருந்து பாரி என்னும் துறைமுகப் பட்டணத்துக்கு ரயிலில் நாலு மணி நேரம் ஆகும். ஆகாய விமானத்திலும் பாரிக்கு வரலாம். அங்கிருந்து மத்தேராவுக்கு அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பாரியின் பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே குறுகிய பாதை ரயிலுக்கென்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்கூட அகலம் இல்லை. ஆலிவ் தோப்புகளையும் கோதுமை வயல்களையும் கடந்து, ஆடி அசைந்து ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். சில வண்டிகளில் அல்தமூராவில் மாற வேண்டியிருக்கும். ஞாயிறு, விடுமுறை நாட்களில் பெரும்பாலும் ரயிலுக்குப் பதில் பஸ்தான். முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது. இன்னொரு விஷயம், சகோதரிகளே! குதிகால் உயர்ந்த செருப்பைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். ஊர் முழுக்கப் படிக்கட்டு, அதுவும் தேய்ந்து வழுக்கும் கல் படிக்கட்டு.

ஸ்டேஷனிலிருந்து சற்று நடந்தால் விட்டோரியோ வெனெட்டோ சதுக்கம் வருகிறது. அதன் ஓரத்திலிருந்து எட்டிப் பாருங்கள். பள்ளத்தாக்கின் சரிவெல்லாம் வீடுகள், ஒன்றின் தலைமேல் ஒன்றாக! கீழ் வீட்டின் கூரைதான் மேல் வீட்டுக்காரரின் தெரு. முகப்பில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே போனால் மலையைக் குடைந்த குகை. இந்தக் குகைப் பேட்டைகளுக்கு ‘ஸாஸி’ என்று பெயர். ‘கற்கள்’ என்று அர்த்தம். நடுமேட்டில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய பெரிய மாதா கோயில் நிற்கிறது. எதிர்க் கரையில், பாறையைக் குடைந்த பழைய தேவாலயங்கள்; சுற்றுவட்டாரத்தில் நூற்றைம்பதுக்கு மேல் உண்டு.

சதுக்கத்தின் அடியில் ஓர் ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. ‘பலொம்பாரோ லுங்கோ’ என்ற நிலத்தடித் தொட்டி. மழை நீரும் ஊற்று நீரும் சேர்ந்து 50 லட்சம் லிட்டர் வரை பிடிக்குமாம். குழாய்த் தண்ணீர் வந்ததும் ஊரார் அதை மறந்தே போனார்கள். 1991-ல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று நடைபாதை போட்டு உள்ளே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள்.

அழகைப் பார்த்தாயிற்று. இனி ஒரு வீட்டுக்குள் நுழைவோம். பழைய சாமான்களோடு பார்வைக்கு வைத்திருக்கும் ஒரு குகை வீடு இருக்கிறது. ஒரே அறை. உயரமான கட்டில், அதற்கடியில் கோழிகள். பின்னால் கோவேறு கழுதைக்கு இடம். அதே அறையில்தான் அடுப்பு, பிள்ளைப்பேறு, நோய், சாவு எல்லாம்.

கார்லோ லெவி என்ற டாக்டர் ஓர் ஓவியரும்கூட. முஸோலினி ஆட்சி அவரை 1935-ல் இந்தப் பிரதேசத்துக்கு நாடு கடத்தியது. அவருடைய சகோதரியும் டாக்டர். வழியில் மத்தேராவைப் பார்த்தார். அவர் பின்னாலேயே குழந்தைகள் ஓடி வந்தார்கள். அவர்கள் கேட்டது காசல்ல, மிட்டாயுமல்ல; மலேரியாவுக்குக் கொயினா மருந்து! லெவி 1945-ல் வெளியிட்ட புத்தகத்தில் இது வந்ததும் தேசமே தலைகுனிந்தது. 1950-ல் பிரதம மந்திரி தெ காஸ்பெரி நேரில் வந்து பார்த்தார். 1952-ல் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரைப் புது வீடுகளுக்குக் குடியேற்றினார்கள்.

தண்ணீர்க் குழாய், ஜன்னல், வெளிச்சம், தனி அறை எல்லாம் கிடைத்தன. குழந்தைகள் பிழைத்தன. இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்தப் பெண்கள் ஒன்றை இழந்தார்கள். குகை வீடுகளில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரு பொது முற்றம் உண்டு. துணி துவைப்பதும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், வம்பளப்பதும், ஒருத்திக்கு உடம்புக்கு வந்தால் மற்றவள் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் அங்கேதான். ஆகஸ்டு முதல் தேதி வீட்டுக்கு வீடு பயறும் தானியமும் கொண்டுவந்து ஒரே பானையில் ‘க்ராப்பியாத்தா’ என்று கொதிக்கவைத்து உண்பார்கள். ரொட்டி மாவைப் பொது அடுப்புக்கு அனுப்பும்போது, கலந்துவிடாமலிருக்கக் குடும்பத்தின் எழுத்தை மரமுத்திரையால் பதிப்பார்கள். கதவடைத்த புது வீடுகளில் அந்த முற்றத்தை யாராலும் கட்டித்தர முடியவில்லை.

காலி செய்த குகைகள் பாழடைந்தன. 1986-ல் பழுதுபார்க்கச் சட்டம் வந்தது. 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 2019-ல் மத்தேரா ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகராகவே விளங்கியது. கழுதை நின்ற இடத்தில் இன்று ஹோட்டல்காரர் பட்டு மெத்தை போட்டிருக்கிறார்.

நீங்கள் போனால் தாராளமாகத் தங்குங்கள். அந்த ஊர்க் கோதுமை ரொட்டியை வாங்கிச் சாப்பிடுங்கள். கெட்டியான மேல்தோலும் மஞ்சள் உள்ளும் கொண்டது, பல நாள் கெடாது. மிஞ்சிய ரொட்டியை நனைத்துத் தக்காளியும் வெங்காயமும் கலந்து தருவதையும் ருசி பாருங்கள். ஆனால் அந்தக் குகை வீட்டின் வாசலில் நின்று “ஆகா, எவ்வளவு அழகு!” என்று சொல்வதற்கு முன், உள்ளே கொயினாவுக்காகக் காத்திருந்த ஒரு தாயையும் ஒரு விநாடி நினைத்துக்கொள்ளுங்கள். அழகு அதனால் குறைந்துவிடாது.

அடுத்த வாரம் வேறோர் ஊர் பார்ப்போம்.