மெத்தையைப் போட்டுக்கிட்டு போருக்குப் போனவங்க!

சரித்திரப் படத்துல ஹீரோ பளபள கவசத்தோட குதிரையில வந்து இறங்கினா, தியேட்டர்ல விசில் பறக்குது. ஆனா, அந்த இரும்புக்கு உள்ளே அவர் என்ன போட்டிருப்பார்னு யாராவது யோசிச்சிருக்கோமா? இந்த வாரம் அந்த 'உள்ளே' சமாச்சாரம்தான்!

ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸைக் கொஞ்சம் தூசி தட்டுங்க. இரும்பு வளையங்களைக் கோத்த சட்டை வாள் வெட்டைத் தடுக்கும். ஆனா, அடியைத் தடுக்காது. தோல் கிழியாது; எலும்பு உடையும்! அந்த அடியை அகலமாகப் பரப்பி, கொஞ்சம் நேரம் இழுத்தடித்தால்தான் ஆள் தப்பிப்பார். பைக் ஹெல்மெட்டுக்குள்ளே தெர்மகோல் பார்க்கிற வேலை இதுதான். அன்னிக்கு அந்த வேலையைப் பார்த்தது துணியும் பஞ்சும்.

1181-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி போட்ட சட்டப்படி, சாதாரண நகரவாசிகூட ஒரு மெத்தை அங்கி, இரும்புத் தொப்பி, ஈட்டி வைத்திருக்க வேண்டும். இரும்புச் சட்டை வாங்கக் காசில்லாதவனுக்கு அந்த அங்கியே கவசம். அதற்கு 'ஆக்டன்' என்றும் ஒரு பெயர் உண்டு. பருத்தியைக் குறிக்கும் 'அல்-குத்ன்' என்ற அரபுச் சொல்தான் அதற்கு வேர்!

நம்ம பக்கம்? 1520-ல் ராய்ச்சூருக்குக் கிளம்பிய கிருஷ்ணதேவராயர் படையைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியர் நூனிஸ், வில்லாளிகளும் துப்பாக்கி வீரர்களும் மெத்தை போல் தைத்த அங்கி போட்டிருந்ததாகச் சொல்கிறார். 1532 வாக்கில் விஜயநகரப் படை தாமிரபரணிக் கரைக்கே வந்தது, தென்காசிப் பாண்டியருக்கு ஆதரவாக! சாரல் நேரத்துல வந்திருந்தா என்ன கதி? ஐந்தருவியில ஜீன்ஸோட நின்னவங்களைக் கேளுங்க... ஈரப் பருத்தி என்ன கனம் கனக்கும்னு சொல்வாங்க!

சரி, அப்படி ஒரு அங்கியை இன்னிக்குத் தைக்க முடியுமா? பிரான்ஸில் லியோன் நகர மியூசியத்தில், 1364-ல் போரில் இறந்த சார்ல்ஸ் டி பிளவா என்ற பிரபுவின் அங்கி இருக்கிறது. அதன் கை, தோளோடு நிற்காமல் மார்பு, முதுகு வரை வட்டமாக வெட்டி இணைத்தது. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தால் நம்ம சட்டை மேலே ஏறுமே... இதில் ஏறாது. வாள் ஓங்கணும்ல!

அடுத்தது, பஞ்சு. தென்காசியில் மெத்தை தைக்கும் ஒரு அண்ணாச்சியிடம் கேட்டேன். "சும்மா அடைச்சா பஞ்சு எல்லாம் கீழ இறங்கிரும்லா தம்பி? அதான் இடம் விட்டு இடம் தையல் போடுதோம். நெருக்கித் தைச்சா கல்லு மாதிரி ஆயிரும். தள்ளித் தைச்சா ஒதுங்கிரும்" என்றார். அங்கியிலும் இதே சிக்கல்தான். தையல் ஓடும் இடத்தில் பஞ்சு மெலியும். தையலே இல்லாவிட்டால் தோளில் வெறும் துணிதான் மிஞ்சும். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல்? புத்தகத்தைவிட இதைச் சரியாகச் சொல்வது அண்ணாச்சியின் விரல்தான்.

இதெல்லாம் வேலையத்த வேலைன்னு நினைக்கிறீங்களா? அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகத்தில் ஸ்காட் பார்ட்டெல் என்ற மாணவர், அலெக்சாண்டர் போட்டிருந்த லினன் கவசத்தைத் தானே செய்து பார்க்கக் கிளம்பினார். பேராசிரியர் கிரிகோரி ஆல்ட்ரெட்டும் சேர்ந்துகொண்டார். துணியை அடுக்கடுக்காக ஒட்டினார்கள், அம்பு விட்டுச் சோதித்தார்கள். 2013-ல் அது புத்தகமாகவே வந்துவிட்டது!

நமக்கு அம்பு வேண்டாம், பாஸ். இன்னிக்கு புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட்டைச் சோதிக்கும்போது, பின்னால் களிமண் வைத்துப் பள்ளத்தின் ஆழத்தை அளக்கிறார்கள். மெத்தைத் துண்டுக்குப் பின்னால் களிமண், மேலிருந்து ஒரு எடைக்கல், கையில் ஒரு ஸ்கேல். மினி ப்ராஜெக்ட் ரெடி!

மன்னர்களின் இரும்பு மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. சிப்பாயின் பஞ்சைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பது அதைத் தைக்கத் தெரிந்த கைகள்தான். "ஃபோம் மெத்தை வந்த பொறவு ஆர்டரே இல்ல தம்பி. எனக்கப்புறம் இந்த ஊசியைப் பிடிக்க ஆளில்ல" என்கிறார் அண்ணாச்சி.

டாபிக் தேடுற மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் மக்களே... கைடு ரெடியா இருக்கார். கடையைப் பூட்டறதுக்குள்ள போயிருங்க!