கதையின் பொருளைப் பிள்ளைகள் தேடட்டும்

கிருஷ்ணன் நம்பியின் ‘மருமகள் வாக்கு’ கதையில் ஓர் ஊர்த் தேர்தல் நடக்கிறது. பூனைச் சின்னத்துக்கும் கிளிச் சின்னத்துக்கும் போட்டி. மருமகள் ருக்மிணியின் மனம் கிளியின் பக்கம். மாமியார் மீனாட்சி அம்மாளின் உத்தரவு பூனைக்கு. வாக்குச்சாவடிக்குள் ருக்மிணியின் கை கிளியை நோக்கித்தான் போகிறது. முத்திரை விழுவதோ பூனையில். வெளியே வந்தவளிடம் யாருக்குப் போட்டாய் என்று கேட்கிறார்கள். மாமியாருக்கு என்று வாய் தவறி வந்துவிடுகிறது.

குமரி மாவட்டத்து அழகியபாண்டியபுரத்தில் 1932இல் பிறந்து 1976இல் மறைந்த நம்பி, குழந்தைகளுக்குப் பாட்டும் எழுதியவர். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் குறியீடு என்னவென்று காட்ட, குமரி மாவட்டத்தில் இதைவிட நல்ல கதை கிடைப்பது அரிது. சுவரில் வரைந்த சின்னம் ஒரு வேட்பாளருக்காக நிற்கிறது என்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். அடுத்த படிக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: சாவடிக்குள் மாமியார் இல்லையே, பின்னே அவள் கையைத் திருப்பியது யார்?

பயம் என்பாள் ஒருத்தி. பழக்கம் என்பான் இன்னொருவன். கிளியையும் கூண்டில்தானே அடைக்கிறார்கள் என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரலாம். வீட்டு நிலவரத்தை நினைத்து ஒரு பிள்ளை பேசாமலே இருக்கும். கதை பிள்ளைக்குள் இறங்குவது இப்படித்தான். ‘கிளி = விடுதலை, பூனை = அதிகாரம்’ என்று முதலிலேயே கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் அதை நோட்டில் இறக்கிக்கொள்வார்கள். ருக்மிணியை மறந்துவிடுவார்கள்.

நம் வகுப்புகளில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவதுதான். ‘மையக்கருத்து எழுதுக’ என்ற வினாவுக்கு நோட்ஸில் விடை தயாராக இருக்கிறது. அதே விடைக்குத்தான் மதிப்பெண். பாடத்தை முடிக்க ஓடும் ஆசிரியர்களை மட்டும் இதற்குக் குறை சொல்லிப் பயனில்லை. வினாத்தாள் அப்படி இருக்கிறது.

ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் படக்கதையாக இடம்பெற்றது. அந்த நாவலில் குறியீடு எதுவுமில்லை, கடல் கடல்தான், கிழவன் கிழவன்தான் என்ற பொருளில் ஹெமிங்வே 1952இல் ஒரு கடிதம் எழுதினார். அதை வேதவாக்காக எடுக்கவேண்டியதில்லை. ஆனால் வரிசை சரியானது: முதலில் கடல், பிறகுதான் பொருள். குமரிக் கடற்கரையின் மீனவர் ஊர்களான முட்டத்திலும் குளச்சலிலும் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கு வகுப்பே துணை நிற்கும். 84 நாள் மீன்படாமல் திரும்பினால் வீடு என்ன ஆகும், பெரிய மீனைச் சுறா தின்று எலும்போடு கரையேறுவது எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்கலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்த கரை அது. ‘விடாமுயற்சி வெற்றி தரும்’ என்ற ஒற்றை வரி அவர்களுக்குப் போதாது. கிழவன் வென்றானா என்பதே அவர்களுக்குக் கேள்வியாக இருக்கும்.

சுந்தர ராமசாமியின் ‘விகாசம்’ இன்னொரு நல்ல பாடம். ஜவுளிக்கடையில் மனக்கணக்காகவே பில் போடும் கண்பார்வையற்ற ராவுத்தர். ஒருநாள் கடைக்குக் கால்குலேட்டர் வருகிறது. அத்தோடு அவர் கதை முடிந்தது என்று நினைக்கும்போது, அவருடைய ஞாபகசக்தி கடைக்கு வேறு வகையில் வேண்டியதாகிவிடுகிறது. யந்திரம் மனிதனைத் தோற்கடித்த கதையா இது, இல்லையா? இரண்டு அணியாகப் பிரிந்து பிள்ளைகள் வாதாடட்டும். ஒரே நிபந்தனை: சொல்வதற்குக் கதையிலிருந்து ஓர் இடத்தைக் காட்டவேண்டும்.

அந்த நிபந்தனையை வினாத்தாளுக்கும் கொண்டுவர வேண்டும். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு இல்லை. மாற்றத்தை இங்கே தொடங்குவது எளிது. ஒவ்வொரு தமிழ்த் தேர்விலும் நிர்ணயித்த விடை இல்லாத ஒரு கதைக் கேள்வியைச் சேர்த்து, கதையிலிருந்து ஆதாரம் காட்டும் எந்தப் பதிலுக்கும் முழு மதிப்பெண் தரப் பள்ளிக் கல்வித்துறை வழிசெய்ய வேண்டும்.