டிரைவர் இல்லாத லேப்டாப்

பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எந்தக் கடைக்குப் போனாலும் கடைசியில் ஒரே வாக்கியம்தான் காதில் விழுகிறது. "சார், இது பழைய மாடல். டிரைவர் கிடைக்காது. பேசாம புதுசா ஒண்ணு வாங்கிடுங்க."

கடைக்காரத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பாவம், தினமும் பத்து லேப்டாப் பார்க்கிறார். எனக்குக் கோபமெல்லாம் அந்தக் 'கிடைக்காது' என்ற சொல்லின் மேல்தான். சீசன் முடிந்தால் மாம்பழம் கிடைக்காது, சரி. அது இயற்கை. டிரைவர் என்பது என்ன காய்கறியா? ஒருவர் உட்கார்ந்து எழுதிய கோப்பு. அது கம்பெனியின் தளத்தில் ஒரு நாள் இருந்தது. பிறகு யாரோ எடுத்துவிட்டார்கள். 'கிடைக்காது' என்றால் 'எடுத்துவிட்டோம்' என்றுதான் அர்த்தம்.

டிரைவர் என்றதும் கார் ஓட்டுபவர் நினைவுக்கு வரும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸில் துபாஷி என்று ஒருவர் இருப்பார். கம்பெனித் துரைக்குத் தமிழ் தெரியாது, நம்மூர் வியாபாரிக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுபவர் துபாஷி. விண்டோஸுக்கும் லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை, ஸ்பீக்கர், திரை போன்றவற்றுக்கும் நடுவில் நிற்கும் துபாஷிதான் டிரைவர். துபாஷி வராவிட்டால் துரையும் வியாபாரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

என் லேப்டாப் 2012ல் வாங்கியது. பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்த கம்பெனி. கீபோர்டில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. சென்ற வருஷம் அதன் ஹார்ட் டிஸ்க் செத்தது. அதில் ஆச்சரியமில்லை, சுழலும் சாமான் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். புதிதாக ஓர் எஸ்எஸ்டி போட்டாயிற்று. விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டும். டிரைவர் சிடி எங்கே? அப்படி ஒன்று பெட்டியில் வரவே இல்லை. ரெக்கவரி என்று சொல்லி எல்லாவற்றையும் அந்த ஹார்ட் டிஸ்க்கின் ஒரு மூலையிலேயே போட்டுத் தந்திருந்தார்கள். சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிக் கொடுப்பது இதுதான். ஐம்பது ரூபாய் சிடியில் மிச்சம் பிடித்த புண்ணியவான் யாரோ!

லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருப்பது விண்டோஸ் 7 ஸ்டிக்கர். நான் காசு கொடுத்து வாங்கிய உரிமம் அதுதான். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றே ஆதரவு முடிந்துவிட்டது என்பது தெரியும். இதில் நான் பேங்க் வேலை பார்க்கப் போவதில்லை. என் பழைய ஸ்கேனருக்கு விண்டோஸ் 7 வரைதான் டிரைவர் உண்டு. அப்பாவின் கடிதங்கள், கல்யாண போட்டோக்கள் எல்லாம் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பூச்சி அரிப்பதற்குள் ஸ்கேன் செய்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்டோஸ் ஏறியது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணங்கள், கொலு வைத்த மாதிரி வரிசையாக. வைஃபை இல்லை. சரி, கேபிள் செருகலாம் என்றால் அந்தப் போர்ட்டுக்கும் டிரைவர் இல்லை. டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதை. திரையோ பழைய டிவி மாதிரி இழுத்துப் பரத்தித் தெரிந்தது. ஸ்கேன் செய்த முதல் படத்தில் ஒல்லிக்குச்சியான என் அப்பா பெருத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

வேறு கம்ப்யூட்டரிலிருந்து கம்பெனியின் தளத்துக்குப் போய் சீரியல் எண்ணைக் கொடுத்தேன். மாடல் பெயர் சரியாக வந்தது, போட்டோகூட வந்தது. கீழே டிரைவர் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில், இந்தத் தயாரிப்புக்கு இப்போது ஆதரவு இல்லை என்று ஒரு வரி. என்னை அடையாளம் தெரிகிறது, ஆனால் உள்ளே விட மாட்டார்கள்.

அதற்குப் பிறகு மனிதர்கள் எங்கே போவார்கள்? கூகுளில் தேடுவார்கள். 'இலவச டிரைவர்' என்று ஒரு தளம் வரும். பச்சை நிறத்தில் ஐந்தாறு டவுன்லோட் பட்டன்கள் இருக்கும், அதில் எது உண்மையானது என்று கண்டுபிடிக்க ஜோசியம் தெரிய வேண்டும். தப்பானதை அழுத்தினால் ஒரு சாஃப்ட்வேர் வந்து உட்கார்ந்துகொண்டு, உங்கள் டிரைவர்கள் எல்லாம் பழுது, பணம் கட்டு என்று மிரட்டும். என் வயதுக்காரர்கள் பலர் கார்டு எண்ணைக் கொடுத்தே விடுகிறார்கள்.

இங்கே ஒரு சமாதானம் சொல்வார்கள். "பழைய டிரைவர்களில் பாதுகாப்பு ஓட்டைகள் உண்டு, அதனால்தான் எடுத்தோம்" என்று. ஓட்டை உண்டு என்பது நிஜம். அப்படியானால் 'பழையது, உங்கள் பொறுப்பில் பயன்படுத்துங்கள்' என்று பக்கத்தில் ஒரு போர்டு மாட்டுங்கள். எழுதியவனே கையெழுத்திட்ட கோப்பை எடுத்துவிட்டு, யார் என்ன கலந்தார்கள் என்றே தெரியாத தளங்களுக்கு மக்களைத் துரத்துவதா பாதுகாப்பு?

இன்னொரு சமாதானம், "எத்தனை வருஷத்துக்கு ஐயா நாங்கள் சேவை செய்வது?" என்பது. நான் சேவையே கேட்கவில்லை. புது டிரைவர் எழுதித் தரச் சொல்லவில்லை, போன் செய்தால் எடுக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே எழுதி வைத்ததை அழிக்காதே என்கிறேன். ஒரு லேப்டாப்பின் மொத்த டிரைவர்களும் ஒன்றிரண்டு ஜிபிக்குள் அடங்கும். என் பேரனின் ஒரு பிறந்தநாள் வீடியோ அதைவிடப் பெரியது. 2019ல் இன்டெல் நிறுவனமே, காலம் முடிந்த தன் பழைய தயாரிப்புகள் பலவற்றின் டிரைவர், பயாஸ் கோப்புகளைத் தளத்திலிருந்து நீக்கியது. இடம் இல்லையா அவர்களிடம்?

நான் டெலிபோன் இலாகாவில் சேர்ந்தபோது ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச். ரேக்குக்குப் பக்கத்திலேயே வயரிங் டயாகிராம்கள் கட்டுக்கட்டாக இருக்கும். ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, எனக்கு முன்னால் இருந்தவர்களின் பென்சில் குறிப்புகளோடு. சாமான் இருக்கும் வரை டயாகிராமும் இருக்கும். அதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருந்தால் மெமோ வந்திருக்கும்.

வெளிநாட்டிலும் ஒரு மனிதருக்கு இதே விஷயத்தில்தான் கோபம் வந்தது. 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி பேப்பர் சிக்கிக்கொள்ளும். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் புரோகிராமைத் திருத்திச் சரிசெய்ய நினைத்தார். மூலநிரலை அவருக்குத் தர மறுத்துவிட்டார்கள். 1983ல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு அந்தப் பிரிண்டரும் ஒரு காரணம். பின்னால் வந்த லினக்ஸில் டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. கம்பெனி கதவைச் சாத்தினாலும் அவை எங்கும் போவதில்லை.

அதையும் சோதித்துப் பார்த்தேன். லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவைச் செருகி, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பைத் துவக்கினேன். வைஃபை வந்தது, சத்தம் வந்தது, திரை நேரானது, ஸ்கேனரும் ஓடியது. அப்பா மறுபடி ஒல்லியானார். எல்லா லேப்டாப்பிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன், சில வைஃபை சிப்புகள் அங்கேயும் தகராறு செய்யும். டேலி வைத்திருப்பவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுபவர்கள் எல்லோரும் லினக்ஸுக்கு மாறிவிடவும் முடியாது. ஆனால் ஒன்று நிரூபணமாயிற்று. என் லேப்டாப்புக்கு எந்தக் கேடும் இல்லை. எனக்கு முன்பின் தெரியாதவர்கள், பலர் சம்பளம்கூட வாங்காமல், பதிமூன்று வருஷத்துச் சாமானுக்குத் துபாஷியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். முப்பதாயிரத்துக்கு மேல் என்னிடம் வாங்கிய கம்பெனியால் முடியவில்லை.

விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அதாவது 2016ல் வாங்கிய நல்ல லேப்டாப்கூட வரிசைக்கு வெளியே. இன்று எனக்கு நடந்தது இன்னும் சில வருஷத்தில் அவற்றுக்கும் நடக்கும். 2011ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை லட்சக்கணக்கில் வீடுகளில் கிடக்கின்றன. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குத் தருவதாக 2025 பட்ஜெட்டில் மறுபடி அறிவித்திருக்கிறார்கள். இவ்வளவு மொத்தமாக வாங்குகிறவர் கேட்டால் எந்தக் கம்பெனி மறுக்கும்? டிரைவர் கோப்புகள் முழுவதையும் அரசின் எல்காட் நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும், அது பொதுத்தளத்தில் எப்போதும் இருக்க வேண்டும் என்று டெண்டரில் இரண்டு வரி சேர்க்க வேண்டும்.

மத்திய அரசும் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது, அந்த டிசம்பரில் ஒரு தளமும் திறந்தது. நல்லது. அங்கே பேச்செல்லாம் உதிரிபாகம், சர்வீஸ் சென்டர் என்றே போகிறது. டிரைவரும் உதிரிபாகம்தான் என்று சட்டத்தில் வர வேண்டும். டயரை விற்க மறுத்தால் வழக்குப் போடலாம், டிரைவரை ஒளித்தால் ஏன் கூடாது?

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இது. லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர் என்று போய், ஃபைல்ரெப்பாசிட்டரி என்ற ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். நாளை அதே விண்டோஸை மறுபடி ஏற்றினால், டிவைஸ் மேனேஜரில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். பழைய லேப்டாப்போடு வந்த டிரைவர் சிடி யார் வீட்டிலாவது இருந்தால், காக்காய் விரட்ட மொட்டை மாடியில் கட்டிவிடாதீர்கள்.