ஒப்பந்தம் இல்லை, சரி. சுதந்திரம் எங்கே இருந்தது?



"மொரீசியஸ், பிஜி போனவங்கதான் ஒப்பந்தக் கூலி. நம்ம ஆளுகள யாரும் கட்டி இழுத்துட்டு வரல, பிழைக்க வந்த சுதந்திரத் தொழிலாளிங்க." கொஞ்ச நாளாக முகநூலில் இந்தப் பேச்சு சுற்றுகிறது. படித்தவர்களும் லைக் போடுகிறார்கள். வகுப்பில் பிள்ளைகள் இதையே திருப்பிச் சொல்லும்போது ஆசிரியர்களாகிய நாங்கள் வாய்மூடி இருக்க முடியாது.

ஒப்பந்தம் இல்லை என்பது உண்மை. ஆகவே சுதந்திரம் இருந்தது என்பதுதான் பொய்.

பிஜிக்குப் போனவர் கைநாட்டு வைத்த 'கிர்மிட்'டில் ஐந்து வருடம் என்று கெடு இருந்தது. பத்து வருடம் இருந்தால் இலவசமாக ஊர் திரும்பலாம். கொடுமையான முறைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அதற்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது, கப்பல் பதிவேடு இருந்தது. நமக்கு? 1847இல் இந்திய அரசு இலங்கைக்கு ஆள் அனுப்புவதை அந்தக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கிவிட்டது. பக்கத்துத் தீவுதானே, எழுத்து வேலை எதற்கு!

துரை கங்காணியிடம் காசு கொடுப்பார். கங்காணி தன் ஊருக்குப் போய் பஞ்சத்தில் கிடந்தவர்களுக்கு முன்பணம் கொடுப்பார். படகுக் கூலி, வழிச் சாப்பாடு, கம்பளி எல்லாமே கடன் கணக்கில் ஏறும். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடக்கையில் காலராவில் விழுந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. தோட்டத்துக்கு வந்து பேர் பதியும்போதே ஆள் கடன்காரன். அந்தக் கடனைத் தீர்த்தாலொழிய துரை 'துண்டு' தரமாட்டார். துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். இன்னொரு துரை கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளலாம். மாட்டுச் சந்தையில் நடப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று லைக் போட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் இருந்தது. வாய்ப்பேச்சில் ஒரு மாத வேலை, மாதா மாதம் தானாகவே நீளும். சொல்லாமல் போனால் சிறை. சுதந்திரத் தொழிலாளி வேலையை விட்டால் எந்த நாட்டில் ஜெயிலில் போடுவார்கள்? துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழிக்க 1921 ஆகிவிட்டது.

இது ஏதோ பாட்டன் காலத்துக் கதை என்று விட்டுவிட முடியாது. மொரீசியஸில் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. அங்கே போனால் தன் பூட்டன் எந்தக் கப்பலில், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று பதிவேட்டில் பார்க்கலாம். எழுதாமலே கொண்டுவந்தது நம்மைத்தான். ஆனால் 1948இல் என்ன கேட்டார்கள்? அப்பா இங்கே பிறந்ததற்கு எழுத்து காட்டு, இல்லையென்றால் அப்பப்பாவும் அவர் அப்பாவும் பிறந்ததற்குக் காட்டு என்றார்கள். காகிதமே கொடுக்காதவன் காகிதம் கேட்டான்! 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பித்ததில் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். மற்றவர்களை 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்: அங்கே 5,25,000, இங்கே 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று.

(கடைத்தெருவில் இருக்கும் நம் முஸ்லிம் சகோதரர்கள் சிலர் "அது தோட்டத்து ஆளுகள் பிரச்சினை" என்பார்கள். அக்கரையிலிருந்து கடை வைக்க வந்த நம் வாப்பாமார்களும் அதே 1949 சட்டத்தின் கீழ்தான் மனுப் போட்டார்கள் என்பதை வீட்டில் கேட்டுப் பாருங்கள்.)

இன்றும் லயத்துக் காம்பராவுக்கு உறுதி கேட்டால் எத்தனை குடும்பம் காட்டும்? ஏழு பேர்ச் என்று ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிறோம். "சுயவிருப்பத்தில் வந்தவர்கள்" என்று நாமே எழுதிக் கொடுத்தால், நட்டஈடும் காணியும் கேட்க வாயிருக்குமா? அந்த வசனம் கம்பனிக்காரனுக்கு எவ்வளவு இனிக்கும்!

ஆகவே ஒன்று கேட்கிறோம். வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட், மண்டபம் முகாம் சீட்டு, பிறப்புப் பதிவு, தகரத் துண்டு எது கிடந்தாலும் எறியாதீர்கள், பழைய பேப்பர்காரருக்கும் போடாதீர்கள். போனில் படம் எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம் என்று எழுதி எங்களிடம் தாருங்கள். தோட்ட ஆபிஸில் வேலை செய்யும் தம்பி தங்கைகளே, பழைய செக்ரோல் புத்தகங்களைக் கரையான் அரிக்கிறதா, எரிக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு தரம் 10, 11 பிள்ளைகளை அனுப்ப நாங்கள் தயார். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லாத நேரமாகச் சொல்லுங்கள்.