மூன்றாம் வகுப்போடு மொழி முடிந்துவிடுவதில்லை: வீட்டுப் பேச்சு ஏன் முக்கியம்?

பிள்ளை முதல் வார்த்தை பேசியபோது வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடு அது. அதே பிள்ளை நான்காம் வகுப்புக்கு வந்ததும் அங்கே நடக்கும் பேச்சு என்ன? ‘ஹோம்வொர்க் முடிச்சாச்சா?’, ‘டிபனை ஏன் மிச்சம் வெச்ச?’, ‘போனை வெச்சுட்டுத் தூங்கு.’ பல வீடுகளில் அவ்வளவுதான். பேசவும் படிக்கவும் தெரிந்துவிட்டது, இனி மொழியை ஸ்கூல் பார்த்துக்கொள்ளும் என்று பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதி கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடுகிறது.

நான்காம் வகுப்பில் என்ன மாறுகிறது?

மூன்றாம் வகுப்புவரை குழந்தைகள் படிக்கக் கற்கிறார்கள். அதன்பிறகு படித்துத்தான் மற்றதைக் கற்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகக் கல்வியாளர் ஜீன் சால், 1983-இல் வெளியான தன் நூலில் இந்தத் திருப்பத்தை விளக்கினார். அதுவரை பாடத்தில் வந்தவை பெரும்பாலும் வீட்டில் புழங்கும் சொற்கள். இனி வருபவை ‘ஆவியாதல்’, ‘ஒப்பிடுக’, ‘காரணம் கூறுக’. சரளமாக வாசிக்கும் பிள்ளைகூட, பொருள் புரியாமல் இங்கே தடுமாறலாம். மார்க் குறைந்ததும் டியூஷன் தேடுகிறார்கள். சிக்கல் கணக்கில் இல்லாமல் கேள்வியின் மொழியில் இருக்கலாம் என்று பலரும் யோசிப்பதில்லை.

வீட்டிலும் இங்கிலீஷா?

இங்கிலீஷ் மீடியம் பெற்றோர் பலர், வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அது அவர்களுக்குச் சரளமாக வருமென்றால் தவறில்லை. வராவிட்டால் பேச்சு ‘கம்’, ‘ஈட் ஃபாஸ்ட்’, ‘டோன்ட் டூ தட்’ என்று சுருங்கிவிடும். காரணம் சொல்வது, கிண்டல் செய்வது, ஊர்க்கதை பேசுவது எதற்கும் அந்த இங்கிலீஷ் போதாது. பிள்ளைக்குத் தமிழும் தேயும், இங்கிலீஷும் வளராது.

ஒரு மொழியில் ஆழமாகப் பிடிபட்ட கருத்து, இன்னொரு மொழியில் கற்கும்போதும் கைகொடுக்கும் என்று கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970-களின் இறுதியிலிருந்து எழுதிவருகிறார். ஈரத்துணி எப்படிக் காய்கிறது என்று தமிழில் விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு, ‘எவாப்பரேஷன்’ என்பது தெரிந்த விஷயத்துக்கான புதுப் பெயர் மட்டுமே.

தமிழில் பேசினால் மட்டும் போதுமா?

போதாது. நாம் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. வீட்டில் ‘மழை பேஞ்சுச்சு, அதான் போகல’ என்று கேட்கும் பிள்ளை, பாடத்தில் ‘மழை பெய்ததால் செல்லவில்லை’ என்று படிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பாலம், வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. ‘இவளுக்குத்தான் படிக்கத் தெரியுமே’ என்று அதை நிறுத்திவிட வேண்டாம். இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளால், தானாகப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கடினமான கதையைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும்.

புத்தகத்துக்குப் பெரிய செலவும் இல்லை. பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்பு நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 4, 5-ஆம் வகுப்பு மாணவர்களுக்காக 2022-இல் ‘ஊஞ்சல்’ இதழைத் தொடங்கியது.

நேரம் எங்கே இருக்கிறது?

ஆபீஸ் முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்புபவர்களின் நியாயமான கேள்வி இது. இதற்கென்று தனி நேரம் வேண்டியதில்லை. சாப்பிடும் பத்து நிமிடமும் பைக்கில் போகும் நேரமும் போதும். கேட்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

‘ஸ்கூல் எப்படி இருந்துச்சு?’ என்றால் ‘நல்லா இருந்துச்சு’ என்பதோடு முடிந்துவிடும். ‘கபடியில யாரை எப்படி அவுட் பண்ணீங்க?’ என்றால் கதை வரும். பிள்ளை சொல்லும்போது நடுவில் திருத்தாமல், முடித்தபின் அதையே இன்னும் முழுமையாகத் திருப்பிச் சொல்லலாம். ‘அப்போ அவன் கோட்டைத் தாண்டுறதுக்குள்ள காலைப் பிடிச்சுட்ட, அப்படித்தானே?’

நம் வீடுகளில் கைவிட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: ‘எதிர்த்துப் பேசாதே.’ இன்னும் அரை மணி நேரம் ஏன் விளையாட வேண்டும் என்று வாதாடும் பிள்ளை, ‘ஏனென்றால்’, ‘இருந்தாலும்’, ‘ஒருவேளை’ எல்லாவற்றையும் பழகுகிறது. பரீட்சையில் ‘காரணம் கூறுக’ என்று கேட்பதும் இதைத்தான். முடிவு பெற்றோருடையதாகவே இருக்கட்டும். வாதத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

எந்த மொழியில் பேசினாலும் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாமலோ, சொன்னது புரியாமலோ பிள்ளை தொடர்ந்து திணறினால், திட்டுவதில் பயனில்லை. காது கேட்கும் திறனைப் பரிசோதித்து, பேச்சு மொழி வல்லுநரைப் பார்ப்பது நல்லது.

மற்ற பிள்ளைகளுக்கு, டியூஷன் ஃபீஸ் கட்டும் முன் இன்றிரவே இதைத் தொடங்கலாம். போனைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். பதில் முடியும்வரை காத்திருங்கள்.